வாசலால் போகாத பியானோ

கதவைக் கழற்றினாலும் போகாது, நான் சொல்லுறன் கேளுங்கோ, என்று மிஸ் பெலிசியா கத்த, போகத்தான் வேணும் என்று இன்ஸ்பெக்டரும் கத்த, நாலு பொலிஸ்காரர் கறுப்புப் பியானோவை வாசலில் சாய்த்துப் பிடித்தபடி நிற்கிறார்கள், அது நேற்றா, முப்பது வருஷத்துக்கு முன்பா, எனக்கு இப்போதெல்லாம் பிரித்தறிய முடிவதில்லை, வெள்ளவத்தைக் கடல் மட்டும் ஒழுங்கை முடிவில் அதே இரைச்சலோடு கிடக்கிறது, எதிர்வீட்டு முற்றத்தில் நான் காய்ந்த உடுப்பையே மறுபடி கொடியில் போடுகிறேன், பார்க்க ஒரு காரணம் வேண்டுமே, மிஸ் செய்த குற்றம் இவ்வளவுதான், சுடப்பட்ட மாணவர்களுக்காகத் தேவாலயத்தில் ஓர் இரங்கலிசை வாசித்தாள், ஒரு சொல் பேசவில்லை, ஆனாலும் அரசாங்கத்துக்கு விளங்கிவிட்டது, இவ்வளவு சங்கீத ஞானமுள்ள அரசாங்கத்தை நான் பிறகு கண்டதில்லை. வானொலியில் அவள் வாசித்துவந்த வேலையை எடுத்தார்கள், வியன்னா மேடைக்குப் போகவிருந்தவளின் பாஸ்போர்ட்டை எடுத்தார்கள், பியானோவை மட்டும் எடுக்க முடியவில்லை, பியானோ உள்ளே வந்தபிறகு ஒடுக்கிக் கட்டிய வாசல் அது, கடைசியில் மூடியைச் சாத்தி அரக்கு முத்திரை குத்தி, இனி இங்கே வாசிப்புச் சத்தம் கேட்டால் உம்மைத்தான் கொண்டுபோவோம் என்று சொல்லிப் போனார்கள்.

அப்பாடா, இனி மத்தியானம் கண்ணயரலாம் என்றாள் அடுத்த வீட்டுத் தையல்நாயகி அக்கா, இரண்டு மணிக்கு மிஸ் பயிற்சி தொடங்கினால் உலக்கையால் சுவரை இடிக்கிறவள், ஆனால் பாருங்கள், அந்த அமைதியில் அவளுக்கு நித்திரை வரவில்லை, புரண்டாள், கூட்டின முற்றத்தையே கூட்டினாள், ஒருநாள் சுவரில் காதை வைத்தாள், ஊர்ப்புதினம் கேட்கப் போன என் காதும் பக்கத்தில், டொக் டொக்கென்று மரத்தில் விரல் ஓடுகிறது, முத்திரை குலையாமல் மூடிமேலேயே மிஸ் முழுக் கச்சேரியும் வாசிக்கிறாள், விரல் மறந்தால் நான் செத்தமாதிரி அக்கா, என்றாளாம் மிஸ் மதிலடியில், அன்று அந்த டொக் டொக்கைக் கேட்டபடியே அக்கா கண்ணயர்ந்தாள்.

பிறகு முத்திரை பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறான், உள்ளே மிஸ் கண்மூடித் தட்டிக்கொண்டிருக்கிறாள், அக்கா உலக்கையை எடுத்துச் சுவர் அதிர இடிக்கிறாள், என்ன சத்தம் என்கிறான், மிளகாய் இடிக்கிறன் ஐயா, வாங்கோ, நீங்களும் ஒரு கை போடுங்கோ, தும்மலை நினைத்தோ என்னவோ அவன் திரும்பிப் போகிறான், பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடி, ஒழுங்கையில் அவ்வளவு மிளகாயை எவரும் தின்றதில்லை.

ஆட்சி மாறி அரக்கை உடைத்தபோது பியானோக் கட்டைகள் உப்புக்காற்றில் இறுகி ஊமையாகிவிட்டிருந்தன, விரல்கள் மறக்கவில்லை, மிஸ் ஒஸ்லோவுக்குப் போனாள், மேடையேறினாள், ஐம்பது வயதில் ஒரு பியானோ திருத்துபவரைக் கட்டிக்கொண்டாள், அதை நாங்கள் ஒரு மாரிகாலம் முழுக்கப் பேசினோம். பியானோ இன்னமும் வாசலால் போகவில்லை, ஆகவே தையல்நாயகி அக்கா தன் வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு மிஸ்ஸின் வீட்டுக்கே குடிபோனாள், இரண்டு மணிக்கு மூடிமேல் கன்னத்தைச் சாய்த்து, டொக் டொக்கென்று தானே தட்டித் தன்னைத் தூங்கவைக்கிறாள்.