சொந்தப் பெக்கோ

மடவளை பஜாரில் சீலைக்கடை வைத்திருந்த நஸீமுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு காணி ஆசை பிடித்தது. தெல்தோட்டைக்கு மேலே, மிளகும் கராம்பும் நின்ற ஒரு சரிவை வாங்கிப் போட்டார். உள்ளே போக ஒரு பாதை வேண்டும், வீடு கட்டுவதென்றால் சமதரை வேண்டும் என்பதெல்லாம் வாங்கிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சீலை எடுக்க வருகிற பெண்களிடம் "சட்டைத் துணிக்குப் பொறகு அலையாம இப்பவே சேத்து எடுங்க" என்று வருடக்கணக்காகப் புத்தி சொல்லி வந்த மனிதர் அவர்.

பாதை வெட்டப் பெக்கோ வேண்டும். முன்னால் மண் தள்ள ஒரு அகன்ற வாளி, பின்னால் தோண்டுவதற்கு நீட்டி மடக்கும் ஒரு கை உள்ள அந்த மஞ்சள் இயந்திரம் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. மனைவி றம்லத்தின் தம்பி நளீர் கெலிஓயாவில் பெக்கோக்கள் வைத்து வாடகைக்கு விட்டு வந்தார். பாதையை வெட்டிக் கொடுத்ததும் நளீர்தான். ஆனால் வீட்டுக்கான சமதரை வேலை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. நாளைக்கு என்பார், அடுத்த கிழமை என்பார். வெளியாருடைய வேலையை முடித்துவிட்டுத்தான் சொந்தக்காரர் வேலைக்கு வருவார். தானும் தன் கடையில் சொந்தக்காரர்களை அப்படித்தான் காக்க வைப்பது நஸீமுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் கோபம் வந்தது.

ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மறுபடி கேட்டார்.

"அவசரப்படாதீங்க மச்சான். மலை எங்கயும் ஓடிப் போகாது" என்றார் நளீர்.

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நஸீமும் சிரித்தார். அடுத்த கிழமையே குருணாகல் பக்கம் போய் ஒரு பழைய பெக்கோவை வாங்கினார். பேரம் பேசாமல் அவர் வாங்கிய முதல் சாமான் அதுதான். விலை சொன்னவனுக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது.

பெக்கோவைப் பெரிய லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, நஸீம் தன் வேனில் பின்னாலேயே வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். தன் பெக்கோவினால்தான் கண்டிக்குப் போகிற பாதையே நிற்கிறது என்ற நினைப்பில் அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. லொறியை மடவளைக்குத் திருப்பச் சொல்லி, வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி றம்லத்துக்குக் காட்டினார்.

றம்லத் கேற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். "இது என்னத்துக்கு?"

"காணிக்கு."

"தம்பிட்ட ஈக்குதானே."

"அது தம்பிட. இது எங்கட."

"எங்கட எண்டு செல்லாதீங்க. எனக்கு இதுல பங்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஓட்டுவதற்கு ராஜலிங்கம் என்று கலஹாப் பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்தார். அவர் ஒரு சிறிய சமதரையை வெட்டிக் கொடுத்து, பக்கத்தில் நின்று நஸீமுக்கும் இயக்குகிற கம்பிகளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எதை இழுத்தால் கை நீளும், எதைத் தள்ளினால் வாளி கவிழும் என்பது பிடிபட்ட நேரத்தில் ராஜலிங்கம் வீதி வேலையொன்று கிடைத்துப் போய்விட்டார். நஸீம் வேறு ஆள் தேடவில்லை. தேடுவதாக றம்லத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு மலைக்கு ஓடிவிடுவார். அந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தால் அவர் வேறு மனிதர். கீழே நிற்கிறபோது முழங்கால் வலிக்கும், சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட வேண்டும், கடன் சொல்லி வாங்குகிறவர்களுக்கு இளிக்க வேண்டும். மேலே ஏறினால் ஒரு விரல் அசைவுக்கு மலை அசைந்தது. சில நாட்களில் ஒரு குழி தோண்டுவார். அது எதற்கென்று யோசிப்பார். ஒன்றும் தோன்றாவிட்டால் மூடிவிட்டு வீட்டுக்கு வருவார்.

காணிக்குக் கீழே ரத்தினம்மா இருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகு, மகன் கட்டிக் கொடுத்த வீட்டில் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றி வந்தவள். மாட்டுக்கொட்டகை வாசலில் ஒரு கல் கிடந்தது. "மொதலாளி, அந்தக் கல்ல கொஞ்சம் தள்ளிவிட முடியுங்களா?" என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டாள். நஸீம் கல்லைத் தள்ளினார். கல்லோடு வாழைமரமும், கொட்டகையின் முன்தூணும், கூரையில் பாதியும் போயின. ரத்தினம்மா மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள்.

"கல்லு போயிருச்சுங்க" என்றாள்.

நஸீம் தச்சனைக் கூட்டி வந்து பழையதைவிட நல்ல கொட்டகையாகவே கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எந்த உதவியும் கேட்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் சமதரையை இன்னும் அகலமாக்க வேண்டுமென்று நஸீம் மலைப்பக்கம் வெட்டத் தொடங்கினார். வெட்ட வெட்ட, இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர் ஒன்று எழுந்து நின்றது. அந்த நேரத்தில்தான் நளீர் வந்து பார்த்தார். மச்சான் பெக்கோ வாங்கியது பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுவரைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"இப்பிடி நேரா வெட்டப்படாது மச்சான். படிப்படியா எடுங்க. இதுல மழை எறங்கினா நிக்காது."

"பாப்பம்" என்றார் நஸீம். நாலு கட்டுத் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிற ஆட்களுக்குக் காட்டுகிற அதே முகத்தைத்தான் நளீருக்கும் காட்டினார். நளீருடைய வாகனம் வளைவில் மறைந்ததும் ஏறி உட்கார்ந்து, சுவரை இன்னும் நேராக வெட்டினார். வாளியின் பின்புறத்தால் அதைத் தடவி வழவழப்பாக்கினார். ஸ்திரிக்கை போட்ட துணி மாதிரி நின்றது. போனில் படம் பிடித்துக் கடைப் பையன்களுக்குக் காட்டினார். முதலாளியின் படத்தை நன்றாக இல்லை என்று சொல்லச் சம்பளம் வாங்குகிற யாருக்குத்தான் மனம் வரும்.

இரண்டு கிழமை கழித்து மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ரத்தினம்மாவின் போன் வந்தது.

"மொதலாளி, உங்க செவுரு எறங்கிருச்சுங்க."

"நான் செவரு ஒண்டும் கட்டல்லியே."

"வெட்டுனீங்கல்ல, அந்த மண்ணுச் செவரச் சொல்றேன்."

"ஆளுகளுக்கு ஒண்டும் இல்லியே?"

"ஆளுக்கு ஒன்னுமில்லீங்க. மாட்டுக்கும் இல்ல. தண்ணிதான் வரல."

போய்ப் பார்த்தார். சமதரைக்குள் பாதை நுழைகிற இடத்தை அடைத்துக்கொண்டு செம்மண் குவிந்து கிடந்தது. பாதை ஓரமாகப் போன கறுப்புக் குழாய் அதற்கடியில் புதைந்திருந்தது. மேலே பாறையிலிருந்து வருகிற பீலித் தண்ணீரை ரத்தினம்மா வீட்டுக்கும் அதற்கப்பால் உள்ள வீடுகளுக்கும் கொண்டுபோன குழாய் அது. மண் இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் கொட்டகை மேலேயே வந்திருக்கும். அந்த எண்ணம் வந்தபோது நஸீம் ஒரு கராம்பு மரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

பெக்கோ மேலே சமதரையில் பத்திரமாக நின்றது. அதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. மண் அள்ளுகிற இயந்திரம் இருக்கும்போது மண்ணுக்குப் பயப்படுவானேன். இதற்காகத்தானே வாங்கியது. மிளகுக் கொடிகளுக்குள் புகுந்து மேலே ஏறி எஞ்சினை முடுக்கினார்.

ஒரு வாளி அள்ளினால் மேலேயிருந்து இரண்டு வாளி மண் வந்து அந்த இடத்தை நிரப்பியது. அள்ளியதைக் கீழே கொட்ட முடியாது, அங்கே வீடுகள். அதனால் திரும்பித் திரும்பித் தனக்குப் பின்னாலேயே கொட்டினார். வேலை மும்முரத்தில், எங்கே கொட்டுகிறோம், எவ்வளவு கொட்டுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை நேரம் நெருங்கும்போது முன்னால் அதே குவியல், பின்னால் புதிய குவியல், நடுவில் சில்லுகள் பாதி வரை சேற்றில் இறங்கிய பெக்கோ. உள்ளே மேற்சட்டை நனைந்த முதலாளி.

கீழேயிருந்து ரத்தினம்மா குரல் கொடுத்தாள். "மொதலாளி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஒன்னு கேக்கணும்."

நிறுத்தினார்.

"நீங்க வெளிய வர்றதுக்கு வெட்டுறீங்களா, உள்ள போறதுக்கு வெட்டுறீங்களா?"

நஸீம் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். இறங்கினார்.

போனைக் கையில் எடுத்தபோது சிக்னல் இருக்கக்கூடாது என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. அந்த மலையில் எப்போதும் இல்லாத அளவுக்கு அன்று நிறைய இருந்தது. முதலில் றம்லத்தை அழைத்து, தம்பியிடம் கொஞ்சம் பேசும்படி கேட்டார்.

"உங்கட வாய்க்கு என்ன?" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்து, "உங்களுக்கு ஒண்டும் இல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அப்ப நீங்களே பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

பேசினார். நடந்ததைச் சுருக்கிச் சொல்லப் பார்த்தார். சுருக்கச் சுருக்க இன்னும் கேவலமாக இருந்ததால் முழுதாகவே சொன்னார். நளீர் சிரிக்கவில்லை.

"எஞ்சின நிப்பாட்டிட்டீங்களா?"

"ஓ, நிப்பாட்டிட்டன்."

"மண்ணுக்குக் கிட்ட ஒருத்தரையும் விட வாணாம். நீங்களும் போகாதீங்க. நான் வாறேன்."

செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நளீர் ஒரு பெக்கோவோடும் டிப்பரோடும் வந்தார். வந்ததும் மண்ணை அள்ளவில்லை. பெக்கோவின் கையை நீட்டி, மேலே தொங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் இழுத்து விழுத்தினார். விழ வேண்டியது விழுந்த பிறகுதான் அள்ளத் தொடங்கினார். அள்ளியதை டிப்பர் கொண்டுபோய்த் தூரத்துப் பள்ளத்தில் கொட்டியது.

அந்த நேரமெல்லாம் நஸீம் வேனில் தண்ணீர் சுமந்தார். சந்திக் குழாயில் வாளிகளை நிரப்பிக்கொண்டு வந்து வீடு வீடாக இறக்கினார். ஒரு மாடு இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. ரத்தினம்மாவின் சிவப்பு மாடு மூன்றாவது வாளியையும் முடித்துவிட்டு அவரையே பார்த்தது.

"அதுக்கு உங்க மேல கோவமில்லீங்க. தாகந்தான்" என்றாள் ரத்தினம்மா.

"ஒங்களுக்குக் கோவமில்லியா?"

"ராத்திரி சத்தம் கேட்டப்ப இருந்திச்சு. இப்ப நீங்க வாளி தூக்குறதப் பாத்தாச் சிரிப்பு வருது. பாதித் தண்ணி சாரத்துல ஊத்திக்கிட்டு வர்றீங்க."

பொழுது சாய்கிற நேரத்தில் குழாய் வெளியே தெரிந்தது. உடைந்த துண்டை வெட்டிப் புதுத் துண்டு பொருத்தினார்கள். நளீர் தன் பெக்கோவில் சங்கிலி கட்டி நஸீமின் பெக்கோவை இழுத்து வெளியே எடுத்தார். ரத்தினம்மா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். இப்போதாவது நளீர் சொல்லிக் காட்டுவார் என்று நஸீம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நளீர் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிங்க நளீர். நான் ஒண்டும் நெனக்க மாட்டன்" என்று கடைசியில் அவரே சொன்னார்.

"சிரிக்கிற மாதிரி இல்ல மச்சான். மண்ணு கொட்டில் மேல வந்திருந்தா நாம இப்ப எங்க ஈப்பம்." நளீர் ஒரு வாய் குடித்தார். "ஓட்டுறது மோசமில்ல. எங்க வெட்டணும் எண்டுதான் உங்களுக்குத் தெரியாது."

"அப்ப என்ன செய்யச் செல்றீங்க?"

"கிழமை நாள்ல இத என்ட ஆள் ஓட்டட்டும். சும்மா நிண்டா துருப்பிடிக்கும். ஞாயித்துக்கிழமை நான் வாறேன். நான் கைகாட்டுற எடத்துல நீங்க வெட்டுங்க. நான் நிறுத்தச் சென்னா நிறுத்தணும்."

நஸீம் சம்மதித்தார். சம்மதிக்க எவ்வளவோ கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றுமே இல்லை. முதுகிலிருந்து துணிக்கட்டை இறக்கி வைத்தது போல்தான் இருந்தது.

கடைக்கு வருகிறவர்களிடம் கதையை அவரே முதலில் சொன்னார். வேறு யாராவது சொன்னால் மாடு, கொட்டகை, வாளி எல்லாம் விட்டுப்போகும் என்று பயந்தார். ஆட்கள் அதைக் கேட்கவே வந்தார்கள். சிலர் வெட்கத்துக்குச் சீலையும் எடுத்தார்கள்.

மழை ஓய்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் மண்ணைப் பிடிக்கிற புல் நட்டார்கள். ஒரு ஞாயிறு றம்லத்தும் வந்தாள். அதுவரை அந்தக் காணியை எட்டிப் பார்க்காதவள், மேலே ஏறி, புல் நட்ட படிகளைச் சுற்றி வந்தாள். பிறகு பெக்கோவின் கீழே நின்று ஆசனத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏறலாமா?"

நஸீம் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். சாரியை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் கம்பிகளைப் பார்த்தாள். எதை இழுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டாள். நஸீம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் மண்ணின் தன்மையை அறிய வேண்டும் என்று தொடங்கினார்.

"ராத்தா," என்று கீழேயிருந்து நளீர் கூப்பிட்டார், "அவர்ட்டக் கேக்காதீங்க. என்னப் பாருங்க."

றம்லத் தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க செல்லுங்க. நான் அவனப் பாத்துச் செய்றன்" என்றாள்.