சேதுவின் முதுகு

காலையில் கடை திறந்ததும் உள்ளே நுழைந்த சேது, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெளியே வரவில்லை. அதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேமராக்கள் எல்லாம் வெளியே வந்து மேசையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. ராவாங் டவுனில் கேமரா என்று பெயர் வைத்த எதுவும் அன்று அவர் கைபடாமல் தப்பவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார், காதருகே வைத்து ஷட்டர் சத்தம் கேட்டார், திரையைத் திருப்பினார், மூக்கில் வைத்து முகர்ந்துகூடப் பார்த்தார். கடைக்காரப் பையன் ஷர்வின் பொறுமைசாலி. பூமாதேவி விடுமுறை கேட்டால் அவனைத்தான் அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள்.

"அங்கிள், இது போட்டோவுக்கு டாப். ஆனா நீளமா வீடியோ எடுத்தா சூடாயிரும். இது வீடியோவுக்கு சூப்பர், போட்டோ ஓக்கேலா. இது நடுவுல. ரெண்டும் பண்ணும். இந்தா, இத இப்படித் தள்ளுனா போட்டோ, இப்படித் தள்ளுனா வீடியோ. நீங்க எது அதிகமா எடுப்பீங்க?"

"ரெண்டும்தான்."

சொல்லிவிட்டு சேது மூக்கைத் தடவிக்கொண்டார். பொய் சொன்னால் அவருக்கு மூக்கு அரிக்கும். வாழ்நாளில் ஒரு நிமிட வீடியோகூட அவர் எடுத்ததில்லை.

"அப்ப இதான் உங்களுக்கு. மூஞ்சியில கண்ண அதுவே தேடிப் புடிச்சிக்கும். கை ஆடுனாலும் படம் ஆடாது. இனிமே வீடியோக்குன்னு தனியா ஆள் தேவையே இல்ல அங்கிள். ஒரே ஆள், ஒரே கேமரா, முடிஞ்சிச்சு."

முடிஞ்சிச்சு என்று அவன் சொன்னது சேதுவின் நெஞ்சில் எங்கேயோ போய் இடித்தது. இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறி, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீடியோவுக்குத் தனியாக ஆள் இருந்த காலத்தை ஷர்வினுக்குச் சொன்னால் புரியாது. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரை எந்தத் தமிழ்க் கல்யாணம் நடந்தாலும் இரண்டு பேர் வருவார்கள். படம் எடுக்க சேது, வீடியோ எடுக்க லிங்கேஸ்வரன். இருபத்தேழு வருடம். இரண்டு பேருக்கும் மணவறையில் சண்டை வராத கல்யாணம் செல்லாது என்றே ஒரு பேச்சு உண்டு. கெட்டிமேளம் கொட்டும், மாப்பிள்ளை தாலியைத் தூக்குவார், சரியாக அந்த நொடியில் சேது பாய்ந்து முன்னால் போய்க் குனிவார். பின்னாலிருந்து லிங்கத்தின் குரல் நாதஸ்வரத்தையும் தாண்டி வரும். "யோவ், தள்ளுய்யா, மறைக்கறே." சேது ஒருநாளும் தள்ளியதில்லை. அதனால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டாலும், தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை இருக்கமாட்டார், பெண் இருக்கமாட்டார், பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த ஒரு அகலமான முதுகுதான் இருக்கும். சேதுவின் முகத்தைவிட அவர் முதுகை அறிந்தவர்களே அதிகம். தஞ்சோங் காராங் சந்தையில் ஒரு தடவை அவர் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண், "அண்ணே, எங்க கல்யாணத்துக்கு வந்தது நீங்கதானே" என்று கேட்டாள். அவர் இன்னும் திரும்பக்கூட இல்லை.

சண்டை எல்லாம் மேடையில்தான். பந்தியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள்; லிங்கத்தின் இலையிலிருந்து அப்பளத்தை சேது எடுத்துக்கொள்வார். பாயசத்தை லிங்கம் இரண்டு தடவை வாங்குவார். திரும்பி வரும் வழியெல்லாம் லிங்கம் ஓட்டிவரும் காடியில் திட்டிக்கொண்டே வருவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அதுவும் நின்றது. சுங்கை பெசாரில் ஒரு கல்யாணம். அது முடிந்து சில நாள் கழித்து லிங்கம் போனில் கூப்பிட்டார். "தாலி கட்டறது ஒண்ணுமே தெரியல. எல்லாம் உன் முதுகு. வீட்டுக்காரங்க கிட்ட என்னா சொல்லுவேன். கெடுத்துட்டேய்யா." சேதுவுக்கு வந்த கோபத்தில் போன் உருகாமல் இருந்ததே பெரிது. ஏனென்றால் அன்றைக்கு மட்டும் அவர் மறைக்கவில்லை. கூட்டத்தில் முன்னால் போக வழி கிடைக்காமல், ஐயருக்குப் பின்னால் வாழைமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுதான் எடுத்தார். வாழைக்கறை படிந்த சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் செய்த குற்றங்களையெல்லாம் மேடையோடு விட்டவன், செய்யாத ஒரே குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தால் யாருக்குத்தான் தாங்கும். சேது போனை வைத்துவிட்டார். லிங்கம் திரும்பக் கூப்பிடவில்லை. வீடியோ சாமான்களை விற்றுவிட்டு சபாக்கில் மகள் லோகேஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார். சேதுவும் கேமராவைப் பீரோவில் வைத்தார். லென்ஸில் பூசணம் பூத்தது.

இப்போது ஈஜோக்கில் கணேஸ்வரன் மகளுக்குக் கல்யாணம். கணேஸ்வரனின் கல்யாணத்தையே எடுத்தவர் சேது. "அண்ணே, இப்பல்லாம் ஒரே ஆளு ரெண்டும் எடுக்கறாங்களாம். நீங்களே பாத்துக்குங்க" என்று கணேஸ்வரன் சொன்னபோது, சேது மறுப்பு சொல்லியிருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து தூக்கம் பாதி போய்விட்டது. தாலி கட்டும் நொடியில் அந்தப் பொத்தானை எந்தப் பக்கம் தள்ளுவது. போட்டோவா, வீடியோவா. தன் முதுகுக்குப் பின்னால் நின்று திட்ட ஆளில்லாமல் எப்படிக் குனிவது.

புக்கிட் பெலிம்பிங்கில் வீடு அமைதியாக இருந்தது. அமைதி என்றால் சாதாரண அமைதி இல்லை. கரப்பான்பூச்சி நடந்தால் யார் என்று கேட்கலாம். அவர் மனைவி திலகம் பேரனைப் பார்த்துக்கொள்ள ஜொகூருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு மாதம் என்று சொல்லித்தான் போனார். பேரன் வளர்கிறான், மாதமும் அவனோடு சேர்ந்து வளர்கிறது. தினமும் சாயங்காலம் போனில் முகம் காட்டி, "சாப்டீங்களா, கேஸ் மூடுனீங்களா" என்று கேட்பார். சேது பதில் சொல்வதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக் கூரையைக் காட்டுவான். ஜொகூர் வீட்டுக் கூரையில் எத்தனை விளக்கு என்று சேதுவுக்கு மனப்பாடம்.

வாடகைக் கேமராவைச் சோதிக்க அதைக் கூடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். பாலில்லாத் தேநீர், தே ஓ, கலக்கினார். சோற்றைச் சூடு பண்ணினார். துணி மடித்தார். பிறகு உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்த்தார். படம் அற்புதம். மடிப்புக் கலையாத கைலியின் நூலை எண்ணலாம். அதில் ஒரு ஆள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். "உப்பு எங்க வச்சேன். இங்கதானே வச்சேன். ஆங், இருக்கு இருக்கு." தான் தனியாக இவ்வளவு பேசுகிறோம் என்பது சேதுவுக்கு அன்றுதான் தெரிந்தது. வேலைக்கு நடுவே ஓரக்கண்ணால் கேமராத் திரையைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்திருந்தது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் அந்தச் சின்னக் கட்டம் அவரைச் சீண்டவே இல்லை. அவர் பெரும்பாலும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். கட்டம் அறையெல்லாம் அலைந்து, கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் அதற்கு அகப்பட்ட ஒரே முகம் அதுதான்.

மறுநாள் காலை அவர் காடியை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வீடியோ விஷயம் தெரிந்தவனிடம் கேட்பதில் மானம் ஒன்றும் போய்விடாது. மூக்கு அரித்தது. செகிஞ்சான் வயல்களில் நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது. பார்த்த கண்ணுக்குப் பச்சை ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. சபாக் வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். எல்லா ஒத்திகையிலும் அவரே ஜெயித்தார்.

லோகேஸ்வரி வேலைக்குப் போயிருக்க வேண்டும். போர்ட்டிகோவில் லிங்கம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். சேது கேட்டருகே போய் நின்றார். லிங்கம் நேராக அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. இவ்வளவு கோபமா என்று சேது ஓர் அடி பின்வாங்கினார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து, மனம் வராமல் தொண்டையைச் செருமினார்.

"யாரு."

"நான்தான்யா."

லிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சேதுவா. மொகத்தக் காட்டிட்டு நின்னா எப்படித் தெரியும். திரும்பி நில்லு, பாத்துச் சொல்றேன்" என்றார்.

சேது சிரித்துவிட்டார். ஒத்திகை எல்லாம் வீணாகப் போனது. உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்கில் தே ஓ இருந்தது, சீனி இல்லாமல். குடித்துவிட்டு சேது முகத்தைச் சுளித்தார்.

"பாயசம் ரெண்டு தடவ வாங்குன ஆளாய்யா நீ."

"அதுக்குத்தான் இப்ப வட்டி கட்றேன். சரி, என்னா விஷயம். கடன் கேக்க வந்தியா."

"கேமரா வாங்கப் போறேன். உன்ட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு." பையிலிருந்து கேமராவை எடுத்து லிங்கத்தின் மடியில் வைத்தார். "போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். ஈஜோக்ல கணேஸ்வரன் மக கல்யாணம், அடுத்த மாசம்."

லிங்கத்தின் விரல்கள் கேமராவைத் தடவிக்கொண்டு போயின. பிடி, பொத்தான், திரையின் விளிம்பு. குழந்தையின் தலையைத் தடவுவது போல மெதுவாக.

"ரெண்டையும் இதுவே எடுக்கும்னா நான் என்னாத்துக்கு."

"ஒரு ஆளு ஒரு நேரத்துல ஒண்ணுதானேய்யா எடுக்க முடியும். தாலி ஒரு தடவதான் கட்டுவாங்க. நீ வா. இதுல கஷ்டமே இல்ல. கண்ண அதுவே தேடிப் புடிச்சிக்குதாம்."

"அப்படியா." லிங்கம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "கண்ண அதுவே தேடுதா. கெட்டிக்காரனுங்க."

பழைய பழக்கத்தில் விரல் தானாகவே போய்க் கேமராவை முடுக்கியது. தூக்கிக் கண்ணில் வைத்து, வாசல் பக்கம் காட்டினார். எதிரே இருந்த சேதுவின் பக்கமும் திருப்பினார்.

"எப்படி இருக்கு" என்றார் சேது.

"நல்லா இருக்கு. தெளிவா இருக்கு. கலரு கொஞ்சம் கூட."

லென்ஸின் கறுப்பு மூடி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

சேதுவின் வாயில் ஒரு கேலி வந்து தயாராக நின்றது. இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை, சபாக்கிலிருந்து கிள்ளான் வரை சொல்லிச் சிரிக்கலாம். வாயைத் திறந்தவர், கேமராவுக்கு வெளியே இருந்த லிங்கத்தின் மற்றக் கண்ணைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. அவர் குரல் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டருகே நின்றபோது தம்மைத் துளைத்த அந்தப் பார்வை நினைவுக்கு வந்தது. பிறகு சுங்கை பெசார் நினைவுக்கு வந்தது. வாழைமரத்தோடு ஒட்டிக்கொண்டு தாம் நிற்க, எதிர்ப்பக்கம் கேமராவும் கையுமாக நின்ற லிங்கம், யாரும் மறைக்காத அந்தத் தாலியை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்தார். பனிமூட்டத்தில் ஏதோ ஓர் அகலமான உருவம் தெரிந்திருக்கும். அதற்கு அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

சேது வாயை மூடிக்கொண்டார். தே ஓவை எடுத்து, சீனியில்லாத மிச்சத்தை ஒரே வாயாகக் குடித்தார்.

"வீடியோவுக்கு எத அமுக்கணும்" என்று கேட்டார் லிங்கம்.

சேது எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய், மூடியைத் தொடாமல் அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தார். லிங்கம் அமுக்கினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஓடுதா."

"ஓடுது."

லிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார். தடுமாற்றமே இல்லை. அந்தக் கை அப்படியேதான் இருந்தது. வாசலில் செம்பருத்தி, கொடியில் லோகேஸ்வரியின் வேலைச் சட்டை, கேட்டுக்கு வெளியே சேதுவின் காடி, ரோட்டுக்கு அப்பால் செம்பனை மரங்கள். எல்லாவற்றையும் அது ஒழுங்காகக் கடந்து போனது.

"நான் வந்தா," என்றார் லிங்கம், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "நீ எந்தப் பக்கம் நிப்பே."

"நீ சொல்ற பக்கம்."

"பொய் சொல்றே. மூக்கத் தடவாத." கேமரா செம்பருத்தியின் பக்கம் வந்து நின்றது. "சரி, மொதல்ல இப்பத் தள்ளு. மறைக்கறே."

சேது நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து அவரால் ஓர் எறும்பைக்கூட மறைக்க முடியாது.

அவர் நகர்ந்தார். சிமெண்டுத் தரையில் செருப்பு தேயும் சத்தம் நன்றாகக் கேட்கும்படி, காலை இழுத்து இழுத்து, சுவரோரம் வரை போனார்.

"ஆங்," என்றார் லிங்கம். "இப்ப தெரியுது."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.