அரை அடி

மேஜை என்று மெக்கானிக் சொன்னது ஒரு பழைய கதவு. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு இரண்டு டிரம்களின் மேல் கிடத்தியிருந்தான். நான்கு மூலையிலும் டம்ளர். டம்ளரில் பாதிக்கு மேல் பீர்.

“நல்லா கேட்டுக்கோங்க, ஒரு தடவதான் சொல்வேன். இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு. பகடைய தலைக்கு மேல போற மாதிரி தூக்கிப் போடணும். எதிராளி பக்கம் பலகையில பட்டு எகிறணும். எகிறி வெளிய விழறத எதிராளி பிடிக்கணும். ஒத்தக் கையால. நெஞ்சுல அணைச்சுப் பிடிக்கிறதெல்லாம் கிடையாது. விட்டா, குடி.”

“டம்ளருக்குள்ள விழுந்தா?” என்றான் மீசை.

“ஒரே மூச்சுல முழுசும். பகடைய முழுங்கிடாத, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.”

மீசைக்கு மீசை கிடையாது. கிடங்கில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது. ஒருநாள் ஒட்டும் டேப்பில் பாதி மாட்டிக்கொண்டு போனது. மீதியை அவனே எடுத்துவிட்டான். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

“இன்னொண்ணு. அஞ்சுன்னு யாரும் வாயத் திறக்கக்கூடாது. சொன்னா குடிக்கணும்.”

“ஏன்?”

“ஏன்னா ரூல். கப்பல்ல அப்படித்தான்.”

மெக்கானிக் இரண்டு வருஷம் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்தது இந்த விளையாட்டு ஒன்றுதான் என்று அவன் மனைவி சொல்வாள். இன்று அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மாடி அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது.

“நான் சீக்கிரம் கிளம்பணும்டா. அவ அஞ்சு மணிக்கு...”

“குடி!”

மீசை குடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். செக்கரும் சிரித்தார். அதைப் பார்த்ததும் டிரைவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

நான்கு பேரும் ஒரே கிடங்கு. டிரைவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சரக்கை மேல் தட்டுகளில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு உள்ளே போகலாம், எங்கே நிறுத்தலாம் என்று கைகாட்டுவது செக்கரின் வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அவரைக் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பனியில் நின்று பெட்டி தூக்குகிறார்.

மாறிப் போனதிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. இந்த விளையாட்டுக்கு மெக்கானிக் கூப்பிட்டதே அதற்காகத்தான். அவரையும் டிரைவரையும் ஒரே பக்கம் உட்கார வைத்தான்.

“ரெண்டு பேரும் ஒரு ஜோடி. நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு சேர்ந்து எங்கள தோற்கடிங்க பார்க்கலாம்.”

செக்கர் டிரைவரின் வலது பக்கம் உட்கார்ந்தார். உட்காரும்போது அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

மெக்கானிக் முதல் பகடையை வீசினான். அது டியூப்லைட் வரை போய் வந்து பலகையில் பட்டு எகிறியது. டிரைவர் கையை நீட்டி மூடினான். கைக்குள் ஒன்றுமில்லை. பகடை தரையில் ஓடியது.

“குடி!”

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வலது பக்கமாக வந்தது. அது வந்ததே அவனுக்குத் தெரியாது. செக்கர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். பிடித்ததும் முகத்தைச் சுளித்தார். குளிர் அறை அவர் விரல் நுனிகளை வெடிக்க வைத்திருந்தது.

“கவலப்படாத தம்பி. உன் பக்கத்தையும் நான் பார்த்துக்கிறேன்.”

“விடுங்கண்ணே. நான் குடிச்சிக்கிறேன்.”

“அதெப்படி விடறது? ஜோடி ஆச்சே.”

நாலாவதையும் அவரே பிடித்தார். நடுவில் ஒரு வாய் குடிக்க டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் தூக்கினார்.

டிரைவருக்கு வலது கண் தெரியாது.

ஏழு மாதம் ஆகிறது. பெட்டிகளைக் கட்டிய இரும்புப் பட்டையை வெட்டும்போது அது துள்ளிக் கண்ணில் அடித்தது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போனான். தூரத்து ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்தான். அவர் ஒரு படம் போட்டு விளக்கினார். இனி வெளிச்சம் மட்டும் தெரியும், அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றார். ஒரு கண்காரனுக்கு ஃபோர்க்லிஃப்ட் கொடுக்க மாட்டார்கள். தலையில் பெட்டி தூக்கத்தான் அனுப்புவார்கள். மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை.

வருஷாந்திரக் கண் பரிசோதனையில் வரிசையின் கடைசியில் நின்றான். முன்னால் இருந்தவர்கள் உரக்கப் படித்த எழுத்துகளைக் காதால் மனப்பாடம் செய்துகொண்டான். இடது கண்ணை மூடியபோது அதையே ஒப்பித்தான். “பிரமாதம்” என்றாள் நர்ஸ்.

வண்டியில் தட்டின் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தான். உயரம் பிரச்சினையில்லை. ஆழம்தான் பிடிபடவில்லை. சரக்கைத் தூக்கும் இரும்பு முள் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது ஒற்றைக் கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் செக்கரின் கை இருந்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் அங்கே குரல் எடுபடாது. கைதான் பேச்சு. அவர் எப்போதும் இடது பக்கம் நிற்பார்.

அவரைக் குளிர் அறைக்கு அனுப்பக் காரணமான நாளில், ஐந்தாவது தட்டில் ஏற்றும்போது, இடது பக்கம் யாரோ ஏணியைச் சாத்தியிருந்தார்கள். அவர் வலது பக்கம் போய் நின்றார்.

கைகாட்டுகிறவர் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை நிறுத்த வேண்டும். அது முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் ஓட்டியாயிற்று, எனக்குத் தெரியாதா என்று தள்ளினான். முள் பின்னால் இருந்த அடுக்கைக் குத்தியது. கண்ணாடி ஜாடிகள் மறுபக்கம் விழுந்தன. பெருக்குகிற அம்மா இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள்.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். “செக்கர் கைகாட்டினாரா?”

“நான் பார்க்கல சார்.”

பார்க்கவில்லை என்பது உண்மை. மேனேஜர், “காட்டவில்லை” என்று எழுதிக்கொண்டார். அவன் திருத்தவில்லை.

அன்று மாலை செக்கர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனுக்காகக் காத்திருந்தார். சண்டைக்கு வந்தார் என்று நினைத்தான். அவர், “கை தூக்கினதாத்தான் எனக்கு ஞாபகம். நீ பார்க்கலன்னா தூக்கல போல. வயசாகுதுல்ல. மன்னிச்சுடு தம்பி” என்றார். அவன், “பரவால்லண்ணே” என்றான். அந்தப் பரவாயில்லையை இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ முறை அவன் தனக்குள் கேட்டுவிட்டான்.

“என்னடா இது,” என்றான் மீசை. “கண்ண மூடிக்கிட்டு சரக்கு அடுக்கற ஆளு நீ. ஒரு சின்னக் கட்டைய பிடிக்க முடியலையா?”

“பாவம் அண்ணன். ரெண்டு பேருக்கு ஓடறாரு,” என்றான் மெக்கானிக். “ஜோடிய மாத்துவோம். மீசை, நீ அங்க போ. அண்ணே, நீங்க என் பக்கம் வாங்க.”

செக்கர் எழுந்து எதிரே போய் உட்கார்ந்தார். இப்போது டிரைவருக்கு நேர் எதிரே அவர். நடுவில் கதவின் நீளம்.

அவர் வீசினார். நேராக வந்தது. டிரைவர் கையை மூடினான். பகடை விரல்களுக்கு அப்பால் விழுந்தது.

“குடி!”

மறுபடி வீசினார். மறுபடி காற்றைப் பிடித்தான். மீசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கொசு பிடிக்கிறியாடா?”

செக்கர் சிரிக்கவில்லை. டிரைவர் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் தூரத்தை அளந்தே சம்பாதித்த கண்கள். ஒரு முள் தட்டுக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது, எவ்வளவு தாண்டிவிட்டது என்று டேப் இல்லாமல் சொல்வார். கை எங்கே மூடுகிறது, பகடை எங்கே விழுகிறது என்று அவர் பார்ப்பதை டிரைவரும் பார்த்தான். டிரைவரின் காதுகள் சூடாயின.

“அரை அடி,” என்றார் செக்கர், யாரிடமும் இல்லாமல்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. போடறேன்.”

இந்த முறை மெதுவாக, பதமாகப் போட்டார். டிரைவரின் வலது பக்கம். குழந்தைகூடப் பிடித்துவிடும். டிரைவர் கையை நீட்டவேயில்லை. பகடை தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

செக்கர் எழுந்து குனிந்து அதைப் பொறுக்கினார். உட்காரவில்லை.

“தம்பி, அன்னிக்கு அஞ்சாவது தட்டுல...”

“சொல்லிட்டாரு! அண்ணன் சொல்லிட்டாரு! குடி!” மெக்கானிக் பலகையைத் தட்டினான்.

செக்கர் டம்ளரை எடுத்தார். டிரைவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் கடைசிவரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு என் கை உனக்குத் தெரிஞ்சுதா?”

மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பழைய கதை கிளம்புகிறதே என்ற கவலை அவன் முகத்தில்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

“எனக்கு ஏறிடுச்சுண்ணே,” என்றான் டிரைவர். சிரிக்கவும் செய்தான். “ஒண்ணு ரெண்டாத் தெரியுது.”

“அதானே பார்த்தேன்!” என்று மீசை அவன் முதுகில் அடித்தான். “நாலு தடவ குடிச்சிருக்கான், ஏறாம என்ன செய்யும்?”

செக்கர் பகடையைப் பலகையில் வைத்தார். உருட்டவில்லை, வைத்தார். “சரி, நான் வரேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மெக்கானிக் எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை.

படிகளில் அவர் இறங்கும் சத்தம் பாதி தூரம் போனபின் டிரைவர் எழுந்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இறங்கும் படியின் ஆழம் அவனுக்கு எப்போதும் சந்தேகம்தான்.

தெருவில் அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“அண்ணே.”

“ம்.”

“வலது கண்ணு தெரியாது எனக்கு. ஏழு மாசமா.”

அவர் பூட்டைச் சங்கிலியோடு சுருட்டிக் கூடையில் போட்டார்.

“நான் கை தூக்கினேன்,” என்றார்.

“ஆமாண்ணே.”

“நீ என்னத்த ஆமாங்கற? உனக்குத்தான் தெரியாதே. நான் சொல்றேன். தூக்கினேன்.” அவர் குரல் உயரவில்லை. “ஒரு மாசமா ராத்திரி படுத்துக்கிட்டு இந்தக் கையத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன்டா. வீட்டுல, என் தப்புதான், ஏதோ ஞாபகத்துல நின்னுட்டேன்னு நானே சொல்லிட்டேன். அவ இப்பல்லாம் கேஸ் மூடினேனான்னு பின்னாடியே வந்து பார்க்கிறா. உன்கிட்ட வந்து மன்னிப்பு வேற கேட்டேன்.”

“தப்புதாண்ணே. நான்...”

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு மேலயே தெரிஞ்சுபோச்சு.”

அவன் நின்றான். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

அவன் மேலே ஏறினான். மெக்கானிக் அடுத்த ஆட்டத்துக்கு டம்ளர்களை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“சமாதானம் ஆச்சா? எங்க அவரு?”

“அவரு கைகாட்டினாரு. நான்தான் பார்க்கல. எனக்கு ஏழு மாசமா வலது கண்ணு தெரியாது.”

“சரிதான், முத்திப்போச்சு இவனுக்கு,” என்றான் மீசை.

டிரைவர் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். “எத்தன விரல் வேணாலும் காட்டு.”

ஜன்னல் இருந்த பக்கம் வெள்ளையாக ஒரு கலங்கல். வேறொன்றும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பாட்டிலை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெக்கானிக்கின் குரல் மிக அருகில்.

“ஏழு மாசம் அந்த வண்டிக்கு நான் பிரேக் பார்த்துக் குடுத்திருக்கேன். செயினுக்கு எண்ணெய் போட்டுக் குடுத்திருக்கேன். பெருக்கற அம்மா கீழ நடந்துக்கிட்டு இருக்கும்போது.” அவன் மூச்சு வாங்கினான். “சாவியக் குடு.”

டிரைவர் இடுப்பு வளையத்திலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

“மேனேஜர்கிட்ட என்ன சொன்ன?”

“பார்க்கலன்னு சொன்னேன்.”

“ச்சீ,” என்றான் மெக்கானிக். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று டிரைவருக்கு இருந்தது. மீசை ஜன்னல் பக்கம் போனான். “திருப்பத்துக்கிட்ட போயிட்டாரு,” என்றான்.

டிரைவர் ஜன்னலுக்குப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே!”

செக்கர் நின்றார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளும் நிமிர்ந்தாள்.

“இவங்ககிட்ட சொல்லிட்டேண்ணே! நீங்க கை தூக்கினீங்க! நான்தான் பொய் சொன்னேன்!”

தெருவில் போன இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். குடித்துவிட்டுக் கத்துகிறான் என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. செக்கர் சைக்கிளைத் திருப்பவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

“இங்க எதுக்குக் கத்தற? நாளைக்குக் காலையில மேனேஜர் ரூம்ல கத்து. கதவத் திறந்து வச்சுட்டு.”

டிரைவர் தலையாட்டினான். அவ்வளவு தூரத்துக்கு அது தெரிந்திருக்காது.

“கத்தறேண்ணே,” என்றான், தெரு முழுக்கக் கேட்கும்படி.