பொட்டலத்தில் மூன்று மாத்திரை

என் அப்பா பேயாண்டி ஒரு நாளுக்கு மேலாக ஒன்றுக்குப் போகவில்லை. அதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல், எழுமலையில் பஸ் ஏறி, திருமங்கலத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "சும்மா உன்னையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்த்தா" என்றார். மார்கழிக் குளிரில் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நாற்காலியைப் போட்டால் உட்காரவில்லை.

கூட வந்த அம்மா தங்கப்பொண்ணு என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் காதோரம் சொன்னாள்.

"சூடுடி. நீரு எறங்க மாட்டேங்குது. நேத்துலருந்து நாலு எளநி, ரெண்டு சொம்பு மோரு, பார்லித் தண்ணி, வெந்தயம்னு அம்புட்டும் குடுத்துப் பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே போக வழியில்லாமல் தவிக்கிற மனுசனுக்கு இவள் மேலே மேலே ஊற்றியிருக்கிறாள்.

நான் ரேஷன் கடை விற்பனையாளர். தினமும் இருநூறு முந்நூறு பேரிடம் வாய் கொடுத்துப் பழகியவள். நேராக அப்பாவிடம் போய்க் கேட்டேன். "யப்பா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீக?"

அவர் என்னைப் பார்க்காமல் எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தார். "பொம்பளப் புள்ள கேக்குற கேள்வியா இது?"

"கேக்குறேன்ல. சொல்லுங்க."

"நேத்துக் காலம்பற" என்று மரத்திடம் சொன்னார்.

உடனே ஆட்டோ பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முன் கம்பியைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் இறங்கியது. தன் கூடப்பிறந்த தம்பி செத்தபோதுகூடக் கண் கலங்காத மனிதர், நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

டாக்டர் இசைவாணிக்கு என்னைவிட வயது குறைவுதான். "ஐயாவுக்கு இந்த ரெண்டு மூணு நாள்ல புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"சளி மாத்திரைம்மா. வயக்காட்டுத் தூசி எனக்கு ஆகாது. மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. கடைல ஒரு செட்டு வாங்கிப் போட்டேன்" என்றார் அப்பா.

"பேரு என்ன?"

"வெள்ளைல ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா வயசு ஆண்கள் பலருக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்கியிருக்கும், சளிக்கும் மூக்கடைப்புக்கும் சேர்த்துக் கொடுக்கிற சில மாத்திரைகள் அவர்களுக்கு நீரை அடைத்துவிடும் என்றார். சுரப்பி தளர்வதற்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்போம், தானாகப் போனால் சரி, போகாவிட்டால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். சளி மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அப்பா இரண்டு தடவையும் தலையாட்டினார்.

என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். குழாயோடு தொங்கிய பையை அவர் ஒரு மஞ்சப்பைக்குள் போட்டு, மேலே இரண்டு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி "என்னண்ணே, கடைக்கா?" என்று கேட்டால் "ஆமாத்தா" என்பார். ராத்திரி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாக, "என்னைய அறுக்க மட்டும் விட்றாதத்தா. இந்தக் குழாயோடயும் ஊருக்குப் போக மாட்டேன்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. அறுக்க விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் குடித்தார், நடந்தார், கழிப்பறைக்குள் போய் நின்றார், வந்தார். ஒரு சொட்டு வரவில்லை. சாயங்காலம் வயிறு மறுபடி உப்பி, மறுபடி குழாய்.

"சளி மாத்திரை எதுவும் சாப்பிடலல்ல ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லம்மா."

"சரி, வர்ற வியாழக்கிழமை இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம். அன்னைக்கும் போகலேன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருவோம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா தோளில் கிடந்த துண்டைப் பார்த்தபடி வந்தேன். வெளுத்து மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது அது. அறுப்புக் காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் முதலில் தும்முகிறவர் அவர்தான். பத்துத் தும்மல் தொடர்ந்து தும்முவார், நாங்கள் எண்ணுவோம். அந்தத் துண்டு ஒரு வேளைக்குக்கூடத் தாங்காது. அந்த மனிதர் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தும்மல் தும்மவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினேன். "பெல்ட்டக் கழட்டுங்கப்பா."

வேட்டிக்கு மேலே அவர் எப்போதும் கட்டுகிற பச்சை பெல்ட்டின் பைக்குள் பேப்பர் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தால் வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று.

"ஒரு வாரத்துக்கு வாங்கிட்டேன்த்தா. பாதில நிறுத்துனா சளி நெஞ்சுல எறங்கிரும்னாக."

"டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னு சொன்னீகளே!"

அவர் மறுபடியும் முருங்கை மரத்தைத் தேடினார். கதவு சாத்தியிருந்தது. "ஆஸ்பத்திரில குழா போட்டதும் ஒரு தடவ தும்முனேன், குழா இழுக்குதுத்தா. உசுரு போயி உசுரு வருது. மாத்திரையப் போட்டா தும்மலு நிக்குது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எந்த மாத்திரை நீரை அடைத்ததோ, அடைப்புக்குப் போட்ட குழாய் வலிக்கிறது என்று அதே மாத்திரையைத் தின்றிருக்கிறார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் எழுமலைக்குப் போனேன். அப்பா மாத்திரை வாங்கிய, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் ராஜேஷ்குமார் என்கிற தம்பி நின்றிருந்தான். பொட்டலத்தைக் கண்ணாடி மேல் பிரித்து வைத்தேன்.

"இது மூணும் என்ன மாத்திரை?"

"சளி செட்டுக்கா. எல்லாருக்கும் குடுக்குறதுதான்."

"எல்லாருக்கும் இருக்கட்டும். இதைத் தின்னு எங்கப்பாவுக்கு நீரு அடைச்சுப் போச்சு. அவருக்கு எதைக் குடுத்தன்னு அட்டையக் காட்டு."

"கூட்டமா இருக்குக்கா. அப்பறம் வாங்க."

"கூட்டம் போகட்டும். நான் நிக்கிறேன். எங்க கடைல ஒரு பாமாயில் பாக்கெட்டுல தேதி சரியாத் தெரியலேன்னா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவாக. நீ மருந்தைப் பேரே இல்லாம பழைய பேப்பர்ல மடிச்சுக் குடுக்குற!"

வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணி, பத்து மணி. யாரோ ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நகரவில்லை. பத்தரைக்கு அவனுக்கே பொறுக்காமல் மூன்று அட்டைகளை எடுத்து வைத்தான். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தேன். மஞ்சள் மாத்திரையில் மூன்று மருந்து: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று. பெரிய வெள்ளை, தனியாகப் பாராசிட்டமால். சின்ன வெள்ளை, தும்மலுக்கு இன்னொன்று.

"இந்த மஞ்சள்லயே எல்லாம் இருக்கேப்பா. பெறகு எதுக்கு இந்த ரெண்டும்?"

"சீக்கிரம் கேக்கும்னுதான்க்கா" என்றான். குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா காலத்துலருந்தே இப்படித்தான் போகுது."

அப்போது ஒரு பெரியவர் வந்து, "தம்பி, சளிக்கு ஒரு செட்டு" என்றார். ராஜேஷ்குமாரின் கை பழக்கத்தில் டப்பாவுக்குப் போனது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையை இழுத்துக்கொண்டான்.

"ஐயா, உங்களுக்கு பிரஷர் இருக்கா? ஒண்ணுக்குப் போறதுல செரமம் எதுவும்?"

"பிரஷருக்கு மாத்திரை போடுறேனே" என்றார் பெரியவர்.

"அப்ப இது வேணாம்யா. ஆவி புடிங்க. ரெண்டு நாள்ல கேக்கலேன்னா டாக்டரப் பாருங்க."

அங்கிருந்து நேராக மதுரைக்குப் போய் டாக்டரிடம் படங்களைக் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார்.

"மூக்குக்குள்ள இருக்க வீக்கத்தைச் சுருக்குற மருந்து, மூத்திரப்பை வாயையும் இறுக்கிரும். இந்தத் தும்மல் மருந்து, பை தானா சுருங்கி வெளியத் தள்ளுறதைக் கெடுக்கும். ஐயாவுக்கு ரெண்டு பக்கமும் அடி. போன தடவை குழா எடுத்தப்பவும் உள்ள மருந்து இருந்திருக்கு. இப்ப இதைச் சுத்தமா நிறுத்துனா நம்பிக்கை இருக்கு."

"தும்முனா குழா இழுக்குதாம் மேடம். அதுக்குத்தான் திருட்டுத்தனமாத் தின்னுருக்காரு."

"அடப் பாவமே. தொடையோட சேத்து பிளாஸ்திரி போட்டா இழுக்காதே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மூக்குக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்தும், ஒரு சுருள் பிளாஸ்திரியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து வியாழன் வரைக்கும் என் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. காலையும் மாலையும் ஆவி. வேளைக்கு வேளை உப்புத்தண்ணீர். என்ன கெஞ்சினாலும் மாத்திரை இல்லை. இரண்டாம் நாளே தும்மல் வந்துவிட்டது. முதல் தும்மலுக்கு அப்பா கண்ணை இறுக மூடினார். பிறகு மெல்லத் திறந்து, "இழுக்கலத்தா" என்றார் ஆச்சரியமாக. அதற்கப்புறம் வீடு அதிரத் தும்மினார். அம்மா எண்ணினாள், பதினொன்று.

வியாழக்கிழமை காலையில் குழாயை எடுத்தார்கள். புறநோயாளிகள் வராந்தாவில் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு இளநீரைச் சீவி வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப குடுக்கலாமாடி?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். ஒரு மணி நேரம் போனது. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உள்ளே ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"கனகா!" வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அப்பா கத்தினார். "ஒண்ணுக்குப் போயிருச்சுத்தா!"

நாற்பது தலையும் திரும்பியது. ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கண் நிறைந்து அப்பா மங்கலாகத்தான் தெரிந்தார். ஆனாலும் விடாமல், அவர் கத்திய அதே சத்தத்தில் கேட்டேன்.

"எம்புட்டுப்பா?"

அவர் இரண்டு கையையும் அகல விரித்தார்.

"அம்புட்டும்த்தா!"