கைப்பிடித்த கல்

போட்டோ சென்னை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரணவ் அந்தச் சின்ன அட்டையைப் படித்தான்.

படித்ததும், குளிரூட்டிய அந்த மண்டபத்திலும் அவனுக்குக் கழுத்து வியர்த்தது.

அமெரிக்காவில், ஆஸ்டினுக்கு வெளியே, எண்ணெயில் சம்பாதித்த ஒரு குடும்பம் கட்டிய சின்ன மியூசியம் அது. உள்ளே இருப்பதெல்லாம் பழைய கிரேக்கச் சாமான்கள். வாசல் மண்டபத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது, ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சலவைக்கல் பலகை. அதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு ஆண் நிற்கிறான். இருவரும் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும், பிரணவுக்குப் பார்த்திருக்கும் பெண் தீக்ஷாவின் அம்மா கலாவதி ஆன்ட்டி அப்படியே நின்றுவிட்டார்.

“என்னங்க, இங்க பாருங்க. கல்யாணத்துல பாணிக்ரஹணம் பண்ற மாதிரியே இல்ல? வந்ததும் வராததுமா இது கண்ணுல படுது பாருங்க.”

“படட்டும். லஞ்ச் எங்கேன்னு யாராவது சொன்னீங்களா?” என்றார் அவர் கணவர் மகாதேவன் அங்கிள்.

ஆன்ட்டி அதைக் காதில் வாங்கவில்லை. “தீக்ஷா, இப்படி வா. பிரணவ், நீங்களும் நில்லுங்க. அவங்க மாதிரியே கையைப் பிடிங்க. பரவாயில்லை, நான்தானே சொல்றேன்.”

பிரணவும் தீக்ஷாவும் மூன்று மாதமாகப் போனில் பேசியிருந்தார்கள். ரெண்டு சனிக்கிழமை காபி குடித்திருந்தார்கள். கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. தீக்ஷாவின் கை சில்லென்று இருந்தது. ஆன்ட்டி க்ளிக் செய்தார். ‘நல்ல சகுனம்’ என்று ஒரு வரி தட்டினார். ஒரு பூங்கொத்துப் படம் சேர்த்தார். தன் குடும்ப குரூப்புக்கும், குரோம்பேட்டையில் இருக்கும் பிரணவின் அம்மா ஸ்வர்ணாவுக்கும் அனுப்பினார்.

“டூர் முடியட்டும். லஞ்ச்ல உங்க அம்மாகிட்ட நானே பேசிடறேன், பிரணவ்” என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று பிரணவுக்குத் தெரியும். சம்மதம். அதற்காகத்தான் தான் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து காலையிலேயே கிளம்பி, இவர்கள் நாலு பேருக்கு மட்டும் என்று தனி கைடு ஏற்பாடு செய்து, இங்கே வந்து நிற்கிறான். வீட்டில் வைத்துப் பெண் பார்க்கிற வேலையே இனி வேண்டாம் என்று கறாராகச் சொன்னவர் ஆன்ட்டி. அதற்கும் காரணம் இருந்தது. ரெண்டு வருஷம் முன்னால் சுகர் லேண்டில் இவர்கள் வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் ஆன்ட்டி கற்பூரம் ஏற்ற, கூரையில் இருந்த ஃபயர் அலாரம் வீடே அதிரும்படி அலறியது. ரெண்டு வாரத்தில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. கலாவதி ஆன்ட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சகுனம்தான் முதல் ரிப்போர்ட்.

இப்போது பிரணவ் குனிந்து படித்த அட்டையில் இருந்தது இதுதான்: கல்லறைப் பலகை. இறந்துபோன மனைவி கணவனிடம் விடைபெறுகிறாள்.

போன் அதிர்ந்தது. அம்மா. ‘போட்டோ சூப்பர்டா. ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன். பெரியப்பா கூடப் பார்த்துட்டார்.’

அவன் நகர்ந்து, அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கைடு வந்தார். பெயர் எலெனி. எழுபது வயது இருக்கும். சிவப்புக் கண்ணாடி, ஓட்டமும் நடையுமாக ஒரு வேகம். எல்லோர் கையையும் குலுக்கிவிட்டு, “இந்தப் பலகையிலிருந்தே ஆரம்பிக்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வேண்டாம்” என்றான் பிரணவ், கொஞ்சம் சத்தமாகவே. “அது... கடைசியில் பார்க்கலாமே. ஜாடிகளை முதலில் பார்க்க ஆசை.”

எலெனி புருவத்தை உயர்த்தினார். “தனி டூர். உங்கள் இஷ்டம்.”

முதல் அறையில் வெள்ளை எண்ணெய்க் குப்பிகள். ஒல்லியான கழுத்து, மேலே மெல்லிய கோட்டுச் சித்திரம்.

“எவ்ளோ அழகு” என்றார் ஆன்ட்டி. “நம்ம வீட்டு நல்லெண்ணெய்க் குப்பி மாதிரி.”

“அழகுதான்” என்றார் எலெனி. “உடையாமல் முழுசாகக் கிடைத்திருக்கிறதே, ஏன் தெரியுமா? ஏனென்றால் இவை எல்லாம்...”

பிரணவ் பலமாக இருமினான். இருமல் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டில் எங்கே என்று தேடினான். அங்கிள் முதுகில் தட்டினார். அது முடிவதற்குள் ஆன்ட்டி அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போயிருந்தார். அங்கே கையும் காலும் ஆடுகிற களிமண் பொம்மை ஒன்று.

“குழந்தை விளையாடினதா?”

“ஆமாம். ஒரு சின்னப் பெண்ணுடையது. அவளுடனேயே...”

“எந்த ஊர்?” என்றான் பிரணவ். “அதாவது, எந்தத் தீவு? அங்கே மழை அதிகமா?”

எலெனி பொறுமையாக மழையைப் பற்றிச் சொன்னார். தீக்ஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறவள். போலிச் சீட்டு நீட்டுகிறவனை இப்படித்தான் பார்ப்பாளோ என்னவோ.

“உங்களுக்கு மழை மேல இவ்ளோ இன்ட்ரஸ்ட்டா?” என்றாள் மெதுவாக.

“சும்மா, ஒரு ஜெனரல் நாலெட்ஜ்.”

“காய்ச்சலா? வேர்க்குதே.”

“ஏசி கம்மி.”

“எனக்குக் குளிருது” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போனாள்.

மூன்றாவது அறையில், நீண்ட கழுத்தும் இரண்டு காதும் வைத்த உயரமான ஜாடி. கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் ஜாடி என்று எலெனி சொன்னதும் ஆன்ட்டிக்குக் குஷி தாங்கவில்லை.

“நம்ம மங்கள ஸ்நானம் மாதிரியே. தீக்ஷா, கேட்டியா? மாப்பிள்ளை வீட்ல இருந்து யாராவது இதை வீடியோ எடுங்களேன்.”

மாப்பிள்ளை வீடு என்று அங்கே இருந்தது பிரணவ் ஒருவன்தான். அவன் போனை எடுத்தான்.

“இன்னொரு விஷயம்” என்றார் எலெனி. “கல்யாணம் ஆகாமலே ஒருவர் இறந்துபோனால், இதே ஜாடியைக் கல்லில் செய்து...”

“ரெஸ்ட்ரூம் எங்கே?”

எலெனி கையைக் காட்டினார். பிரணவ் போகவில்லை. அவன் போய்விட்டால் இங்கே இவர் வாக்கியத்தை முடித்துவிடுவார். “அப்புறம் போறேன்” என்றான்.

மகாதேவன் அங்கிள் அவனைத் தனியே இழுத்தார். “தம்பி, ஹெல்த் ஒண்ணும் ப்ராப்ளம் இல்லையே? இருமல், வேர்வை, இப்போ இது. நாங்க ஃபுல் பாடி செக்கப் எல்லாம் கேக்கல. ஆனா...”

“நல்லா இருக்கேன், அங்கிள்.”

“அப்ப சரி. லஞ்ச் சவுத் இந்தியன்தானே?”

அங்கிள் பெஞ்ச் தேடிப் போனதும் பிரணவ் எலெனியை நெருங்கினான். குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில், “ஒரு உதவி. வாசலில் இருக்கிற அந்தப் பலகை. அது கல்லறைக் கல் என்று அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? கணவன் மனைவி என்று மட்டும் சொல்லுங்கள். ப்ளீஸ்” என்றான்.

எலெனி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். “நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்காததைச் சொல்லாமல் இருக்கலாம். கேட்டால் சொல்வேன்.”

பிரணவ் திரும்பினான். ஜாடிக்கு அந்தப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டி வழியாக, கலாவதி ஆன்ட்டியின் முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. நிழலைப் பார்த்து நோயைச் சொல்கிற கண்.

டூர் சுற்றிக்கொண்டு மறுபடி வாசல் மண்டபத்துக்கே வந்தது. வேறு வழி இல்லை. கட்டடம் அப்படி. பிரணவ் வேகமாக முன்னால் போய் அட்டைக்கு எதிரே நின்றுகொண்டான்.

“கொஞ்சம் தள்ளிக்கோங்க, பிரணவ்” என்றார் ஆன்ட்டி.

“லஞ்சுக்கு டைம் ஆயிடுச்சு, ஆன்ட்டி. டேபிள் சொல்லி வச்சிருக்கேன்.”

“டேபிள் ஓடிடாது. தள்ளிக்கோங்க.”

அவன் தள்ளிக்கொண்டான். ஆனால் ஆன்ட்டி அட்டையைப் படிக்கவில்லை. நேராக எலெனியிடம் திரும்பினார். “இந்தப் பையன் உங்களிடம் என்ன கேட்டான்?”

எலெனி பிரணவை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் சொன்னார். கல் என்ன கல் என்பதையும், அவன் கேட்டது என்ன என்பதையும்.

மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டுகிற சத்தம் கேட்டது. ஆன்ட்டி போனை எடுத்தார். அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்தார். குரூப்பில் வரிசையாக வாழ்த்துகள் விழுந்துகொண்டிருந்தன.

“சமாதிக் கல்லுக்கு முன்னாடி என் பொண்ணைக் கையைப் பிடிக்க வச்சிருக்கேன்” என்றார் மெல்ல. “நான்தான் வச்சேன். அது என் தப்பு. நீங்க ஏன் மறைச்சீங்க?”

பிரணவ் அட்டையைப் பார்த்தபடியே சொன்னான்.

“பயம், ஆன்ட்டி. நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு.”

“இன்னிக்கு ஒரு கல்லு. நாளைக்கு வேற ஏதாவது இருந்தா? அதையும் இருமி மறைப்பீங்களா?”

அவன் தலையைக் குனிந்தான். முடிந்தது என்று தோன்றியது. ரவுண்ட் ராக் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டிய ஃப்ரீவே கண்ணில் வந்தது.

“அம்மா” என்றாள் தீக்ஷா. “எனக்கு முன்னாடியே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இது கிரேவ்ஸ்டோன்னு. காலேஜ்ல இதைப் பத்தி ஒரு ஃபுல் செமஸ்டர் படிச்சிருக்கேன். நீதான் ஃபீஸ் கட்டின.”

“தெரிஞ்சும் போய் நின்னியா?”

தீக்ஷாவுக்குக் காதோரம் சிவந்தது. “நான் சொல்லியிருந்தா இவர் கையை விட்டிருப்பார். அதான் சொல்லல.”

மகாதேவன் அங்கிள் பெஞ்சிலிருந்து சிரித்தார். “கையைப் பிடிக்கவும் ஒரு சாக்கு வேணும்ல.”

“நீங்க சும்மா இருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்காங்க.”

“சேர்ந்து இல்லையே. தனித்தனியா ஏமாத்தியிருக்காங்க. ஒரே விஷயத்தை. ஜாதகத்துல இவ்ளோ பொருத்தம் கூட வரல, கலா.”

ஆன்ட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. “அன்னிக்கு அலாரம் அடிச்சுது. நான் கேக்கல. அப்புறம் என்ன ஆச்சு?”

“அலாரம் அடிச்சதும் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?” என்றாள் தீக்ஷா. “அந்தப் பையன் முதல் ஆளா வாசலுக்கு ஓடினான். தன்னோட காரை ரிவர்ஸ் எடுத்துத் தெருவுல நிறுத்தினான். நான் உள்ளேயே ஸ்டூல் மேல ஏறி பேட்டரியைக் கழட்டிட்டிருந்தேன். அலாரம் ஒண்ணும் தப்பா சொல்லல. நாமதான் வேற எதையோ பார்த்துட்டிருந்தோம். இவர் இன்னிக்கு முழுக்க பயந்தார். நானும் பார்த்தேன். ஆனா விட்டுட்டு ஓடல. ரெஸ்ட்ரூம்க்குக் கூடப் போகல.”

பிரணவ் நிமிரவில்லை. உண்மையில் அவனுக்கு இப்போது அவசரமாகப் போக வேண்டியிருந்தது.

ஆன்ட்டி பலகைக்கு அருகே போனார். அந்தக் கைகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி. “இதை யார் வைத்தது?” என்று எலெனியிடம் கேட்டார்.

“கணவனாகத்தான் இருக்கும். பெயர் உடைந்துபோய்விட்டது.”

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டியின் போன் அடித்தது. ஸ்வர்ணா. சென்னையில் ராத்திரி ஆகிவிட்டது; அம்மாவுக்கு இங்கே லஞ்ச் வரை பொறுக்க முடியவில்லை. ஆன்ட்டி எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“போட்டோ ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள் அம்மா. “பின்னாடி என்ன அது, கோயில் சிற்பமா?”

“இல்லைங்க. சமாதிக் கல்லு. மனைவி செத்துப் போய்ப் புருஷன்கிட்ட விடை வாங்கறா. தெரியாம எடுத்துட்டேன். உங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

“அப்படியா” என்றாள் அம்மா. “சாகற வரைக்கும் கையை விடலைன்னுதானேங்க காட்டியிருக்கான். விட்டுட்டுப் போனவங்களுக்கு யார் கல்லு வைப்பா? எனக்கு அது இல்லை கவலை. இவன் ஏன் இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கிறான்? உங்க பொண்ணு எவ்ளோ தெளிவா நிக்குது. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

ஆன்ட்டி பிரணவைப் பார்த்தார். அவன் அப்போதும் அப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றான்.

“அது சரியாயிடும், சம்பந்தி” என்றார் ஆன்ட்டி.

போனில் அம்மாவின் குரல் உயர்ந்தது. “என்னன்னு கூப்பிட்டீங்க?”

“லஞ்ச் முடிச்சுட்டு விவரமாப் பேசறேன். அந்த ஸ்டேட்டஸை மட்டும் எடுத்துடுங்க. வேற போட்டோ அனுப்பறேன்.”

“பெரியப்பா பார்த்துட்டாரே.”

“அவர்கிட்ட பாணிக்ரஹணம்னே சொல்லிடுங்க.”

தீக்ஷா அம்மாவைப் பார்த்தாள். “இப்ப நீ மறைக்கலாமா?”

“நான் மாமியார். எனக்கு அலவுட்.” ஆன்ட்டி போனைப் பையில் போட்டார். பிறகு எலெனியிடம், சந்தேகத்தோடு, “இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?” என்றார்.

“ஒரு அறை இருக்கிறது. நாடக முகமூடிகள்.”

“அதுவும் சமாதியிலிருந்தா?”

“சில மட்டும்.”

ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். “பிரணவ், முதல்ல ரெஸ்ட்ரூம் போயிட்டு வாங்க. எவ்ளோ நேரம்தான் நிப்பீங்க.”

அவன் கிளம்பினான். ரெண்டு அடி போனதும் கை இழுத்தது. எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை, தீக்ஷாவின் கை அவன் கையில்தான் இருந்தது.

“இதை விட்டாத்தான் போக முடியும்” என்றாள் அவள்.