கொத்திய சுவர்

"கொத்துற பொம்பளைங்க எல்லாருக்கும் கண்ணாடி வேணும், சார்."

கேட்டேவிட்டாள் தாயம்மாள். கேட்கவே கூடாது என்று அவள் அப்பன் மாசிலாமணி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவைத்திருந்த விஷயம் அது. "ஆபீஸ்ல நாற்காலி குடுத்துருக்காரு. டெலிபோன் வந்தா எடு, லாரி வந்தா எழுது. எங்களுக்குன்னு மட்டும் ஒண்ணும் கேட்டுறாத. கேட்டா நாற்காலியும் போவும், குடிசையும் போவும்." நேற்று ரொட்டி தின்னும்போதுகூடச் சொன்னார். பொழுது விடிந்ததும் அவள் கேட்டுவிட்டாள்.

லேபர் கான்ட்ராக்டர் ஜோதிலிங்கம் டீ கிளாஸை மேசையில் வைத்தார். மாசிலாமணியோடு ஒரே ரயிலில் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கி, இதே டெல்லியில் சட்டி தூக்கியவர்தான். அப்போது தாயம்மாளுக்கு அவர் மாமா. இப்போது சார்.

"எதுக்குக் கண்ணாடி? கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு கனாட் பிளேஸ்ல நடக்கவா?"

"கல்லு தெறிக்குது சார். அலமாரியில தொங்குதே, அத மொதல்ல குடுங்க. மிச்சத்த வாங்குங்க."

"அது பார்க்க வர்ற ஆபீசருங்களுக்கு. அவங்க கண்ணு தாங்காது. நம்ம பொம்பளைங்க கண்ணு அடுப்பு ஊதியே பழகுனது." சிரித்தார். "பி.ஏ. படிச்சவுடனே புத்தி இப்பிடிப் போவுதா? ஜல்தி போய் வேலையப் பாரு. பத்து மணிக்குப் பெரிய ஆர்க்கிடெக்ட் வர்றாரு. டைரக்டருங்க வர்றாங்க."

வெளியே சுத்திச் சத்தம் எப்போதோ தொடங்கியிருந்தது. ஜூன் மாதத்தில் பத்து மணிக்குமேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. அதனால் வானம் வெளுக்கும் முன்பே பெண்கள் சாரத்தில் ஏறிவிடுவார்கள்.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. வெறும் கான்க்ரீட். சென்ட்ரிங் பலகையில் வரிவரியாகச் சட்டம் அடித்து ஊற்றியிருந்ததால், பலகையைப் பிரித்ததும் மேலிருந்து கீழாக விலா எலும்புபோலப் புடைப்புகள் நின்றன. அந்தப் புடைப்புகளின் மூக்கை உளி வைத்து உடைக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஜல்லி பல்லைக் காட்ட வேண்டும். ஒன்பது மாடி உயரத்துக்கும் அதுதான் வேலை. கோவிந்தம்மாளும் வீராயியும் சந்திரம்மாளும் இன்னும் ஒரு கூட்டம் பெண்களும் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மாசக்கணக்கில் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் சில்லுகள் சோளம் பொரிவதுபோல் தெறித்தன. இமை மயிரில் தூசி மாவாக அப்பியது. அடிக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களே கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பு. கண்ணை மூடி அடித்தால் சுத்தி கட்டைவிரலில் விழும்.

தாயம்மாள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை: அந்தக் கட்டடம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆசிய விளையாட்டு வருகிறது என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம். சரோஜினி நகர் பஸ்ஸில் இரண்டு குமாஸ்தாக்கள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, ஜெயில் கட்டுகிறார்கள் என்று இந்தியில் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் வந்து பாருங்கடா என்று கத்தலாம்போல் இருந்தது. காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியின்மேல் நிழல் போடும். சுவர் முழுவதும் உழுத வயலைத் தூக்கி நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். மழை பெய்தால் யானைத் தோல் நிறம். ஜன்னல்களுக்கு மேல் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கான்க்ரீட் பலகைகளுக்குக் கீழே நல்ல நிழல். தகரக் குடிசையில் வெந்துகொண்டு கிடப்பவளுக்கு அந்த நிழலின் அருமை தெரியும். நாளைக்கு அங்கே வந்து அடுக்கிக்கொள்ளப்போகிற பைல்களின்மேல்கூட அவளுக்குப் பொறாமை.

ஆனால் பொறாமை என்றால் மைதிலிதான்.

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வேதாந்தம் சாருடைய மகள். தமிழ்க் கட்டுரை எழுத வராமல் தாயம்மாளைப் பார்த்து எழுதியவள். மைதிலி ஆர்க்கிடெக்டுக்குப் படித்தாள். தாயம்மாள் பகலில் சிமெண்ட் மூட்டை எண்ணி, சாயங்காலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தாள். இப்போது மைதிலி பெரிய ஆர்க்கிடெக்டின் உதவியாளாகக் கழுத்தில் கேமராவோடு வந்து, விரல் நுனியால் அந்தச் சுவரைத் தடவி, கூட வந்தவர்களுக்கு இங்கிலீஷில் விளக்குகிறாள். அவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒருநாள் மத்தியானம் தாயம்மாளும் அப்படித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "க்யா தேக் ரஹி ஹை? சல்!" என்ன பார்க்கிறாய், நட என்று காவல்காரச் சௌக்கிதார் விரட்டினான். ஒரே சுவர். அவள் தொட்டால் ரசனை. இவள் தொட்டால் சோம்பேறித்தனம்.

அந்தப் பக்கம் போக வழியில்லை என்றால் இந்தப் பக்கமாவது ஒட்ட முடிகிறதா? சாரத்துப் பெண்கள் டீ குடிக்க உட்கார்ந்து கொச்சையாக ஏதோ சொல்லி இடுப்பு நோகச் சிரிப்பார்கள். தாயம்மாள் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். "ஆபீஸ்காரி வர்றாடி." அந்தச் சிரிப்பின்மேலும் அவளுக்குப் பொறாமை இருந்தது.

எட்டு மணிக்கு மைதிலியின் அலறல் கேட்டது.

"யாரு... யாரு இதை இப்படிப் பண்ணினது?"

போர்டிகோவை ஒட்டிய சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு, கான்க்ரீட் வழவழவென்று மின்னியது. வரி இல்லை, ஜல்லி இல்லை. சிமெண்ட் பாலைக் குழைத்து, உள்ளங்கையால் தேய்த்து, ஈரத் துணியால் மெருகேற்றியிருந்தார்கள். குடிசைத் தரையை மெழுகுகிற அதே நேர்த்தி.

கோவிந்தம்மாள் பெருமையோடுதான் முன்னால் வந்தாள். "நாங்கதாங்கம்மா. நேத்து பார்த்தா அந்த எடம் மட்டும் குதறிக் கெடந்துச்சு. லாரி இடிச்சிருக்கும்போல. இன்னிக்குப் பெரியவங்க வர்றாங்களே, எங்களத்தான சொல்லுவாங்கன்னு பூசி வுட்டோம். எப்பிடி வந்துருக்குது பாருங்க, மொகம் பாக்கலாம்!"

அந்த இடத்தை ஆழமாகக் கொத்தவைத்தது மைதிலி. மாதிரிக்காக. எதிர்ச் சுவர் முழுவதையும் அப்படிச் செய்யலாமா என்று இன்றைக்குப் பெரிய ஆர்க்கிடெக்டிடம் காட்டுவதற்காக, வேறு ஆட்களை வைத்து, தட்டி கட்டி மறைத்து, ஒரு வாரம் செய்த வேலை. உடைத்துப் போட்டதைத்தான் அழகு என்கிறார்கள் என்று கோவிந்தம்மாளுக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை மாசம் கொத்தியும், இது முடிந்ததும் யாரோ வந்து நன்றாகப் பூசிக் கொடுப்பார்கள் என்றே அந்தப் பெண்கள் நினைத்திருந்தார்கள்.

மைதிலிக்கு அழுகை வந்துவிட்டது. ஜோதிலிங்கம் பதறினார். "மேடம், உள்ள போய் உக்காருங்க. பத்து மணிக்குள்ள பழையபடி ஆக்கித் தர்றேன்." பிறகு குரலை மாற்றினார். "ஏய் வீராயி! நாலு பேரு வாங்க. பூசுன கையாலயே பேர்த்தெடுங்க. சட்னு!"

காய்ந்தும் காயாத பூச்சு வேறு மாதிரி உடைகிறது. பொரிபோல் தெறிக்காது. தட்டையான, கூரான சிம்பாகப் பெயர்ந்து பறக்கும். நேரமில்லை என்று அவர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்ததால் யாரும் கண்ணை மூடி அடிக்கவில்லை.

வீராயி கத்தவில்லை. சுத்தியைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தினாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

தாயம்மாள் ஓடினாள். "ஆட்டோ புடிக்கணும் சார். கண்ணாஸ்பத்திரிக்கு."

"இரு. அவங்க வந்து போவட்டும். ரத்தமும் கையுமா ஒரு பொம்பளைய கேட்டுல பார்த்தா என்ன நெனப்பாங்க? தண்ணி ஊத்திக் கழுவிக் குடிசையில படுக்க வை. சந்திரா, நீ அந்த எடத்தப் புடி."

சந்திரம்மாள் கீழே கிடந்த சுத்தியைப் பார்த்தாள். கோவிந்தம்மாளைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

ஜோதிலிங்கம் டெலிபோன் அடிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். தாயம்மாள் பின்னாலேயே போனாள். உள்ளே அவள் நாற்காலியில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். டேபிள் ஃபேன் அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கையில் குளிர்ந்த கூல் டிரிங்க் பாட்டில். சுவருக்காக அழுதவளுக்குக் கூல் டிரிங்க், கண் போனவளுக்குக் குழாய்த் தண்ணீர். தாயம்மாளுக்கு அந்தப் பொறாமை புதிதல்ல. பதினைந்து வருஷமாக எரிவதுதான். இன்றைக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை.

"தாயா, அந்த அம்மாவுக்கு ரொம்ப அடியா?" மைதிலி எழுந்தாள். "நான் வேணும்னா பெரிய சார்கிட்டே பேசறேன். இந்தா, சைட்டுல போடற என்னோட கண்ணாடியை அவாளுக்குக் கொடு."

"ஒரு கண்ணாடிய எத்தினி பேரு மாட்டுறது?" தாயம்மாள் வாங்கவில்லை. "போன வாரம் காலேஜ் பசங்களக் கூட்டியாந்து நின்னு என்னா சொன்ன? இந்தக் கட்டடம் எதையும் மூடி மறைக்காது, எப்பிடிச் செஞ்சாங்கன்னு செவுத்துலயே தெரியும்னு சொன்ன. வீராயி கண்ணு எந்த எடத்துல தெரியும்? வா, வந்து காட்டு."

மைதிலி பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"மேடத்துகிட்ட என்ன பேச்சு!" ஜோதிலிங்கம் மேசையைத் தட்டினார். "நாற்காலி குடுத்த என்னச் செருப்பால அடிக்கணும். நாளையிலேருந்து நீயும் சுத்தி புடி."

"புடிக்கிறேன். கண்ணாடி போட்டுத்தான் புடிப்பேன். அவங்களும் அப்பிடித்தான். இப்ப ஆட்டோவுக்குச் சொல்றீங்களா, இல்லியா?"

"பத்து மணி ஆவட்டும்னேன்."

வெளியே கான்க்ரீட் கலக்கும் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ரோட்டுப் பக்கத்துப் பெரிய பீம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் வாசல் முழுவதையும் தாண்டப்போகிற பீம். ஆண்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்ற, கீழே மாசிலாமணி மிக்சரை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள பிடியைப் பிடித்து நின்றார். ஊற்ற ஆரம்பித்தால் ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். பாதியில் நின்று போனால் பழையதும் புதியதும் சேராது. சேர்ந்த இடம் கோடாக நிற்கும். மற்ற கட்டடத்தில் அதன்மேல் பூசிவிடலாம். இங்கே பூச்சே கிடையாது. கட்டடம் உள்ளவரைக்கும் அந்தக் கோடும் இருக்கும்.

தாயம்மாள் ஜன்னல் வழியாக அந்த பீமைப் பார்த்தாள். அதன் பலகையைப் பிரிக்கிற நாளுக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

மைதிலிக்கு முதலில் புரிந்தது. "தாயா, வேண்டாம். அந்த பீமைப் பாதியில நிறுத்தாதே, ஜாயின்ட் தெரியும். போகவே போகாது."

"தெரியட்டும்."

"எனக்கு மட்டும் இல்லை, உனக்கும் இது பிடிக்கும். நீ பார்த்துண்டு நிக்கறதை நான் பார்த்திருக்கேன்."

மைதிலி இத்தனை நாளாகப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் ஒரு தடவைகூடப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை.

"புடிக்கும்," என்றாள். "ஒன்னவிடப் புடிக்கும்."

வாசலில் கோவிந்தம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும். ஒருத்தி கையிலும் சுத்தி இல்லை. வீராயியைச் சந்திரம்மாள் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இவள நாங்களே தூக்கிட்டுப் போறம்," என்றாள் கோவிந்தம்மாள் ஜோதிலிங்கத்தைப் பார்த்து. "மத்தவங்க கேட்டுல ஒக்காந்துருப்பம். ஒன்னோட பெரியவங்க எங்களத் தாண்டித்தான் வரணும்." பிறகு தாயம்மாளிடம் திரும்பினாள். "என்னாடி சொல்றான்?"

"முடியாதாம்க்கா."

"ஆம்பளைங்க?"

"அப்பாகிட்ட நான் போறேன்."

ஜோதிலிங்கத்தின் முகத்தில் முதல் தடவையாக வேர்த்தது. "தாயம்மா, உக்காரும்மா. அந்த மிக்சர் கிட்ட மட்டும் போவாத. ரெண்டு நிமிஷம் பேசிக்கலாம். மாமா சொல்றேன்ல?"

அவள் உட்காரவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாசலை அடைத்து நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். பிறகு அவளோடு சேர்ந்து நடந்தார்கள். சாரத்துக்கு அடியில் சட்டி கைமாற்றிக்கொண்டிருந்த வரிசை அவர்களைக் கண்டு ஒவ்வொரு ஆளாகத் தளர்ந்தது. தூசிக்குள் மாசிலாமணி நிமிர்ந்து, மகள் வருவதைப் பார்த்தார். கேள் என்றும் சொல்லவில்லை, கேட்காதே என்றும் சொல்லவில்லை. பிடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தாயம்மாள் அவரை நோக்கி வெயிலுக்குள் நடந்தாள்.