பத்துக்கு ஆறு

வெள்ளிக்கிழமைக்குள் தன் கணக்குத் தாளின் அறுபத்திரண்டு கட்டங்களுக்கும் ஆதாரம் காட்டிவிட்டால் லொரேன் வடக்கே கடலோரம் இருக்கும் அபர்டீனுக்குப் போகலாம். அங்கே மீன்வளத் துறையில், கடலில் எத்தனை மீன் மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது.

வரித்துறையில் அவள் செயல்பாட்டு ஆய்வாளர். ஒரு கதவை மூடினால் வெளியே நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை, மூடுவதற்கு முன்பே எண்ணால் சொல்ல வேண்டும். வரி கட்டுவோர் சந்தேகம் கேட்டு அழைக்கும் உதவித் தொலைபேசிக்கு அப்படிக் கணிக்கும் கணினிக் கணக்கை, அங்கே எல்லோரும் மாடல் என்பதை, அவள்தான் கட்டினாள். அதன் பிறகு மூன்று முறை மாற்றல் கேட்டாள். மூன்று முறையும் உயரதிகாரி கிரேயம் ஒரே பதிலைச் சொன்னார்: "அந்த மாடல் உன் தலைக்குள்ள இருக்கு லொரேன். தலையை இங்க வெச்சுட்டு நீ மட்டும் போறதா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏழாம் மாடிக் கழிப்பறையில் கை கழுவும்போதுதான் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தாள்.

இந்த முறை மொரீன் வந்திருந்தாள். அறுபதை நெருங்குகிறவள், பென்ஷன் துறையிலிருந்து மாறி வந்தவள். மாடலின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த முதல் ஆள். மாடலின் அனுமானப் பட்டியலில் கட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பார்த்து மொரீன் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிந்தால் விடுதலை.

செவ்வாய்க்கிழமை மதியம் அறுபத்தொன்று முடிந்திருந்தது.

"நாற்பத்தொண்ணாவது கட்டம் மட்டும் பாக்கி," என்றாள் மொரீன், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "காத்திருக்க முடியாம போனை வெச்சுடுறவங்கள்ல, பத்துக்கு ஆறு பேர் இணையத்துல தாங்களே பதிலைக் கண்டுபிடிச்சுக்கறாங்க. ஆதாரம், திட்டப் பிரிவு அறிக்கை."

"ஆமா."

"திறந்து பார்த்தேன் கண்ணு. அவங்க அடிக்குறிப்புல ஒரு குழுவோட குறிப்பைக் காட்டறாங்க. அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தேன்." மொரீன் திரையைத் திருப்பினாள். "அதுல என்ன போட்டிருக்கு, நீயே படி."

உதவித் தொலைபேசி மாடல், மூன்றாம் பதிப்பு. அது லொரேனின் மாடல்தான். அவள் எண்ணுக்கு அவள் எண்ணே ஆதாரம்.

அந்த எண்ணைப் போட்ட நாள் அவளுக்கு முழுவதுமாக நினைவுக்கு வந்தது. மழை. நாலு மணிக்குள் முடிவு வேண்டும் என்று கிரேயம் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மாடல் ஓடாது. முட்டை சாண்ட்விச்சின் இரண்டாம் பாதி கையில் இருந்தது. மறு கையால் ஆறு என்று தட்டினாள். ஐந்து என்றால் தெரியாமல் போட்டது போலிருக்கும். ஏழு என்றால் துணிச்சலாகத் தெரியும். கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தாள். மஞ்சள் என்றால் தற்காலிகம், அப்புறம் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே போன பிரதிகள் கறுப்பு வெள்ளையில் அச்சானவை.

அந்த ஆறைக் கொண்டுதான் முதலில் மாலை நேரத் தொலைபேசி நின்றது. இப்போது கோடை மூன்று மாதமும் மூடப் போகிறார்கள்.

"நான் அறிக்கை வரைக்கும் பார்த்தா போதும்," என்றாள் மொரீன் மெதுவாக. "அடிக்குறிப்புக்குள்ள போய் நோண்டணும்னு விதி இல்ல. சொல்லு. கையெழுத்துப் போடறேன், நீ உன் மீன்களைப் பார்க்கப் போ. அதுங்களாவது போன் பண்ணாது."

"நாளைக்குச் சொல்றேனே."

மொரீன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள்.

அன்று பேருந்தில் லொரேன் தனக்குத்தானே வாதாடினாள். யாராவது ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். உண்மையான எண்ணும் ஆறாகவே இருக்கலாம். தவறு என்று ஒருவரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வாதமும் நன்றாகத்தான் இருந்தது. வேலையில் பழகிய வாதங்கள். நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்?

புதன்கிழமை இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். தொலைபேசி எடுப்பவர்கள் அங்கேதான். பதினோரு வருடத்தில் நான்காவது முறை.

"அட, மேல்மாடி மகாராணி!" என்றாள் ஜாக்கி. இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவள். கூடவே உட்கார்ந்து கேட்பவர்களுக்கான காதுக்கருவியை நீட்டினாள். அதற்கு வாய்ப்பகுதி கிடையாது, கேட்க மட்டும்தான்.

நான்காவது அழைப்பில் ஒரு லாரி ஓட்டுநர். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் அவர் வரிக் குறியீட்டை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள்.

"போன வாரத்துலேருந்து இது பத்தாவது தடவைம்மா. ஓய்வு கிடைக்கிறப்போ வண்டியை நிறுத்திட்டு போடறேன். ஓய்வு முடிஞ்சதும் வெச்சுட்டுக் கிளம்பணும். காத்திருக்கறப்போ போடற உங்க பாட்டு எனக்கு மனப்பாடம்."

"பாடிக் காட்டுங்களேன், எங்களுக்கு அதைக் கேக்கற பாக்கியமே இல்ல," என்றாள் ஜாக்கி. அவர் நிஜமாகவே இரண்டு வரி முனகினார்.

லொரேன் சிரிக்கவில்லை. மாடல் ஆட்களை அறியாது, அழைப்புகளைத்தான் அறியும். இந்த மனிதர் ஒன்பது முறை துண்டித்திருக்கிறார். அதற்கு அவர் ஒன்பது பேர். அதன் கணக்கில் அந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கும் மேல் விடை கண்டு நிம்மதியாகிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஆதாரம் என்ற இடத்தில் எழுதினாள்: 'ஆதாரம் இல்லை. நான் ஊகித்தது. லொரேன்.' அனுப்பும் முன் ஜன்னல் வழியே ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாடலைத் திருத்த நீதான் இரு என்பார்கள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் கோடையில் தொலைபேசிக் கதவு மூடாமல் நிற்கும். அந்த விலைக்கு இருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கிரேயம் தானே வந்தார், கையில் டீக் கோப்பையுடன்.

"நேர்மையா சொன்னதுக்கு நன்றி. சங்கடப்படாதே. இதுக்கு நம்ம கையேட்டுல ஒரு பேர் இருக்கு. வல்லுநர் கணிப்பு. அப்படியே பதிஞ்சாச்சு, உன் பேரோட."

"கணிப்பு இல்ல கிரேயம். சாண்ட்விச் தின்னுக்கிட்டே போட்ட எண்."

"பதினோரு வருஷ அனுபவம் இருக்கிற ஒருத்தி போட்ட எண்." சிரித்தார். "கோடை மூடல்ல மாற்றம் இல்ல. ஒரே ஒரு சிக்கல். வல்லுநர் கணிப்புன்னா, அந்த வல்லுநரே ஆறு மாசத்துக்கு ஒருதரம் பரிசீலிக்கணும். விதி. நீ வரலைன்னு அபர்டீனுக்கு நானே எழுதிடறேன்."

"எண்ணை நான் மாத்தலாமா?"

"உன் எண்தானே? தாராளமா மாத்து. ஆதாரம் மட்டும் இருக்கணும்."

அவர் போனபின் மொரீன் ஒரு பெரிய உறையை மேசையில் வைத்தாள். உள்ளே பிரியாவிடை அட்டை. முகப்பில் ஒரு மீன், மாடியில் எல்லோரும் போட்ட கையெழுத்துகள். "தேதி போடல கண்ணு," என்றாள். "கெட்டுப் போகாது, வெச்சுக்கோ." லொரேன் அதைப் பிரித்துப் படிக்காமல் இழுப்பறையில் வைத்து மூடினாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இரண்டாம் மாடியில் இருந்தாள், நோட்டுப் புத்தகத்துடன். இதற்கு முன் எத்தனை முறை காத்திருந்து போனை வைத்தீர்கள், பதில் கிடைத்ததா என்று அழைக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்க ஜாக்கி ஒப்புக்கொண்டிருந்தாள். எத்தனை நூறு பேரிடம் கேட்டால் கிரேயம் அதை ஆதாரம் என்பார் என்று தெரியவில்லை. கோடைக்கு ஏழு வாரம் இருந்தது.

"நீ இன்னும் போகலையா?" என்றாள் ஜாக்கி. லொரேன் இல்லை என்று தலையசைத்துவிட்டுக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

முதல் அழைப்பில் ஒரு பெண் குரல், தயக்கத்துடன்: "ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

ஜாக்கி டீயை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்," என்றாள் லொரேன், வாய்ப்பகுதி இல்லாத கருவியிடம்.